திடுக்கிடலும் தீட்டிய நிழலும்

1942இல் வெளியான ‘கேட் பீப்பிள்’ என்ற திகில் படத்தில், இரவில் தனியே நடக்கும் பெண்ணைப் பின்தொடர்ந்த காலடியோசை நின்றுபோக, அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு சீறி வந்து நிற்பது வெறும் பேருந்துதான்; உடல் துள்ளுகிறது, காரணம் தெரிந்ததும் பயம் வடிந்துவிடுகிறது. அதை மலிவான உத்தி என்று ஒதுக்க மாட்டேன். எத்தனை முறை பார்த்தாலும் நான் துள்ளத்தான் செய்கிறேன்.

1920இல் வந்த ஜெர்மானிய மௌனப் படமான ‘டாக்டர் காலிகாரியின் கேபினெட்’ வேறு வழியில் செல்கிறது. அதில் சுவர்கள் சாய்ந்திருக்கின்றன, ஜன்னல்கள் கோணியிருக்கின்றன. நிழல்கள் பலவும் விளக்கொளியில் விழுந்தவையல்ல, தரையிலும் சுவரிலும் தூரிகையால் தீட்டப்பட்டவை, ஆகவே விளக்கை எங்கே நகர்த்தினாலும் விலகாதவை. இங்கே பயத்திலிருந்து விடுவித்துக்கொள்ளக் காரணம் எதுவும் கிடைக்காததால், கெட்ட கனவை நினைவுகூர்வதுபோல மனம் அக்காட்சியை நாள்கணக்கில் கிளறிக்கொண்டே இருக்கிறது.