ஷவரா, ஆறா, மலையா? வைட் மவுன்டனில் டென்ட் போட எந்த இடம்

பாஸ்டன் பக்கத்து நம்மவர்களின் வாட்ஸாப் குழுக்களில் மே மாதம் பிறந்தால் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும்: "வைட் மவுன்டன்ல எந்த கேம்ப்கிரவுண்ட் நல்லாயிருக்கும்?" பாஸ்டனுக்கு வடக்கே, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மலைக்காடு இது. பத்து நிமிடத்தில் பத்துப் பதில்கள் விழும். சுற்றிச் சுற்றி எல்லாம் ஷவர் உண்டா, கழிப்பறை எப்படி என்பதிலேயே வந்து நிற்கும். நானும் சில வருடங்கள் அப்படித்தான் இடம் பிடித்தேன். பிறகு ஒரு தடவை வாஷிங்டன் மலையடிவாரம் போக வேண்டிய நாளில் மறுபக்கம் மேற்கில் உள்ள லின்கன் ஊர்ப் பக்கம் டென்ட் போட்டுவிட்டு, விடிகாலையில் தூங்கி விழும் பிள்ளைகளோடு மலையைச் சுற்றி ஒரு மணி நேரம் கார் ஓட்டியதில் புத்தி வந்தது. எட்டு லட்சம் ஏக்கர் காடு அது. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடுவே நிற்பது மலை. குறுக்கு வழி கிடையாது. காலையில் எங்கே போகிறோம் என்பது முடிவானால் இரவு எங்கே படுப்பது என்பது பாதி முடிந்த மாதிரி.

முதலில் ஒரு விஷயம். இது தேசியப் பூங்கா இல்லை, தேசிய வனம். மேய்ன் மாநிலத்து அகேடியா தேசியப் பூங்காவுக்குப் போய்விட்டு இங்கே வருகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பூங்காக்களை உள்துறை பார்த்துக்கொள்கிறது. வனங்கள் வேளாண்மைத் துறையின் கீழ் உள்ள வனச் சேவையிடம் இருக்கின்றன. இங்கே மரம் வெட்டுவதும் சட்டப்படி நடக்கும், பனிச்சறுக்கும் நடக்கும், நம் கூடாரத்துக்கும் இடம் உண்டு. நுழைவாயிலில் டிக்கெட் கிழிக்க ஆள் இல்லை. பல நடைபாதை வாசல்களில் கார் நிறுத்த நாளொன்றுக்கு 5 டாலர், அவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மரக் கம்பெனிகள் மலைக்குள் ரயில் பாதை போட்டு இந்தச் சரிவுகளை மொட்டையடித்தன. வெட்டிப் போட்ட கிளைகள் காய்ந்து கிடக்க, 1886-லும் 1903-லும் ஜீலண்ட் பள்ளத்தாக்கு எரிந்தது. கீழே ஆற்றை நம்பியிருந்த ஆலைக்காரர்களும் அலறினார்கள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் வீக்ஸ் பெயரில் 1911-ல் வந்த சட்டம்தான் கிழக்கில் தனியார் நிலத்தை அரசு விலைக்கு வாங்கிக் காடாக்க வழி செய்தது. 1918-ல் இந்த வனம் உருவானது. அதாவது நாம் இன்று நிழலுக்கு ஒதுங்கும் மரங்களில் பெரும்பாலானவை நூறு வயதைச் சுற்றியவை.

இனி இடங்கள்.

கான்கமாகஸ் சாலை: ஒரே சாலை, மூன்று குணம்

லின்கனிலிருந்து கான்வே வரை 34.5 மைல். 1959-ல்தான் இரண்டு முனையும் இணைந்தன. வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது, பெரும்பகுதியில் செல்போன் சிக்னலும் கிடையாது. இதன் ஓரத்தில் மட்டும் ஆறு வனத்துறை கேம்ப்கிரவுண்டுகள். நம் ஆட்கள் "கான்கமாகஸ்ல புக் பண்ணியாச்சு" என்று மொத்தமாகச் சொல்லிவிடுவார்கள். மேற்கு முனையும் கிழக்கு முனையும் வேறு வேறு ஊர் மாதிரி.

மேற்கில் ஹேன்காக், ஆற்றை ஒட்டினாற்போல. இதன் பலம் இரண்டு. லின்கன் ஊர் ஐந்து மைலுக்குள் இருப்பது ஒன்று; உப்பை மறந்துவிட்டு வந்தாலும் இருபது நிமிடத்தில் வாங்கி வந்துவிடலாம். பக்கத்திலேயே லின்கன் வுட்ஸ் நடைபாதை இருப்பது இன்னொன்று. பழைய மர ரயிலின் தடத்தின் மேலேயே போகும் பாதை, அதனால் ஏற்றமே தெரியாது. அங்கங்கே தண்டவாளக் கட்டைகள் இன்னும் மண்ணில் பதிந்து கிடக்கும். கோடைக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால், "மலைக்குப் போனோம்" என்று அவர்களும் சொல்லிக்கொள்ளத் தோதான பாதை இதைவிட வேறில்லை. தொங்குபாலத்தில் நின்று ஒரு போட்டோ, ஆற்றோரமாக அரை மணி நடை, பாறை மேல் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம். குறை என்றால் குழிக் கழிப்பறை. என் அம்மா முதல் நாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா அமெரிக்கா வந்தேன்?" என்றார். எல்லோர் வீட்டு அம்மாவும் இதையே சொல்வார்கள் என்று நினைக்கிறேன். சற்று மேலே உள்ள பிக் ராக் 28 இடங்களோடு இதைவிட அமைதியானது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நடுவில் ஜிகர் ஜான்சன். அந்தப் பெயருக்குரியவர் ஒரு காலத்தில் இந்தக் காடுகளில் பேர் போன மரவெட்டி. வாட்ஸாப் குழுவில் எப்போதும் ஜெயிப்பது இந்த இடம்தான், காரணம் காசு போட்டால் தண்ணீர் வரும் ஷவர். கழிப்பறையும் தண்ணீர் ஊற்றுகிற வகை. எழுபதுக்கும் மேற்பட்ட இடங்கள், சமதளம், பக்கத்தில் ஸ்விஃப்ட் ஆறு. முதல் தடவை டென்ட் போடுகிறவர்களுக்கு நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் வார இறுதியில் இங்கே தனிமையை எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து டென்ட் குறட்டையோடுதான் தூங்க வேண்டியிருக்கும். அருகில் உள்ள பாசகானவே 33 இடங்களோடு அடக்கமானது, ஷவர் இல்லாததால் கூட்டமும் குறைவு.

ஜிகர் ஜான்சனில் தங்கினால் பக்கத்தில் உள்ள ரசல்-கோல்பாத் வீட்டைப் பார்க்காமல் வராதீர்கள். 1832-ல் கட்டிய வீடு. 1891-ல் ஒருநாள் தாமஸ் கோல்பாத் "கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிறேன்" என்று மனைவி ரூத்திடம் சொல்லிவிட்டுப் போனவர், வரவேயில்லை. ரூத் தினமும் இரவில் ஜன்னலில் விளக்கேற்றி வைத்தார், 39 வருடம். 1930-ல் அவர் இறந்தார். மூன்று வருடம் கழித்து தாமஸ் திரும்பி வந்தார். இந்தக் கதையை கேம்ப்ஃபயர் முன்னால் சொன்னால் பிள்ளைகள் ஒரு நிமிடமாவது வாயை மூடுவார்கள். பெரியவர்கள் அந்த ஆளைத் திட்டத் தொடங்குவார்கள்.

கிழக்கில் கவர்ட் பிரிட்ஜும் ப்ளாக்பெரி கிராசிங்கும் எதிரும் புதிருமாக இருக்கின்றன. சிறு பிள்ளைகள் உள்ள வீடு என்றால் என் ஓட்டு இந்தப் பக்கத்துக்குத்தான். 1858-ல் கட்டிய கூரைப் பாலம் நடந்து போகிற தூரம். லோயர் ஃபால்ஸில் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்கும் குளங்கள்; ஜூலை வெயிலில் குற்றாலச் சீசன் கூட்டம்தான், எண்ணெய்க் குளியல் மட்டும்தான் பாக்கி. பதினொரு மணிக்குப் பிறகு கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். பக்கத்திலேயே முகாம் போட்டவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, எட்டரைக்கே போய் இறங்கிவிடலாம். மூன்று மைல் சுற்றளவுள்ள போல்டர் லூப் பாதையும் முகாமின் வாசலிலேயே தொடங்குகிறது. எட்டு வயதுப் பிள்ளை சிணுங்காமல் முடித்துவிடும், மேலே பாறை விளிம்பில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: வாடகைக்கு உயரமான கேம்பர் வேன் எடுத்து வருகிறவர்கள் கூரைப் பாலத்துக்குள் நுழைய முடியாது, வேறு வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

டாலி காப்: நடக்கிறவர்களுக்கு

மலையின் மறுபக்கம், கோர்ஹம் ஊருக்குத் தெற்கே, 16-ஆம் எண் சாலையில் இருக்கிறது டாலி காப். நூற்றுக்கும் அதிகமான இடங்கள். இந்த வனத்திலேயே பெரியது. பெரியது என்றாலும் மரங்களுக்கு நடுவே பரந்து கிடப்பதால் நெரிசல் தெரியாது. பாஸ்டனிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும் என்பதாலேயே நம்மவர்கள் பலர் இதைத் தொடுவதில்லை. கான்கமாகஸைவிட ஒரு மணி நேரம் கூடுதல்தான். அதற்குக் கிடைப்பது என்ன? டென்ட்டிலிருந்து வெளியே வந்தால் வாஷிங்டன் மலை அடங்கிய பிரெசிடென்ஷியல் மலைவரிசை கண் முன்னால். 5,367 அடி மேடிசன் மலைக்குப் போகும் டேனியல் வெப்ஸ்டர் பாதை முகாமுக்குள்ளிருந்தே ஏறுகிறது. காரை எடுக்க வேண்டாம், பார்க்கிங்குக்கு அடித்துப் பிடித்து ஓட வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்கு, 1861 முதல் இயங்கும் வாஷிங்டன் மலை ஆட்டோ ரோடு சில மைல் தூரத்தில். 6,288 அடி உச்சிக்கு உட்கார்ந்தபடியே போய்விடலாம்.

அந்த உச்சியை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1934 ஏப்ரல் 12-ல் அங்கே மணிக்கு 231 மைல் வேகக் காற்றை அளந்தார்கள். அடிவாரத்தில் பனியனோடு வியர்க்கும்போது மேலே பற்கள் கிட்டும். ஜூலையில்கூட ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் இல்லாமல் ஏறுவது முட்டாள்தனம். நியூ ஹாம்ப்ஷயரில் அஜாக்கிரதையால் மாட்டிக்கொண்டவர்களிடம் மீட்புச் செலவை வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. அந்தச் செலவு தலையில் விழாமலிருக்க 25 டாலருக்கு ஒரு ஹைக் சேஃப் கார்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. குடும்பத்துக்கு 35.

இந்த முகாமின் பெயருக்கும் ஒரு மனைவிதான் காரணம். ஹேய்ஸ் காப்பும் டாலியும் இந்த இடத்தில் காடு வெட்டிப் பண்ணை வைத்து வாழ்ந்தவர்கள். ஐம்பது வருடம் முடிந்ததும், எந்த ஆணோடும் வாழ ஐம்பது வருடம் போதும் என்று சொல்லிவிட்டு டாலி கிளம்பிவிட்டாராம். சொத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு, சண்டை இல்லாமல். அங்கே ரூத், இங்கே டாலி. என் மனைவிக்குப் பிடித்த கேம்ப்கிரவுண்ட் எது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஐந்தாறு குடும்பமாகப் போகிறவர்கள் கவனிக்க: ஒரு இடத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் விடமாட்டார்கள். நம்மவர்கள் இரண்டு இடம் எடுத்துவிட்டு எல்லோரும் ஒரே மேசையில் கூடி பிரியாணி கிளறி, பத்து மணிக்கு மேல் அந்தாக்ஷரி பாடி, ரேஞ்சரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது வழக்கம். அதற்கென்றே டாலி காப்பை ஒட்டி பார்ன்ஸ் ஃபீல்ட் என்ற குழு முகாம் இருக்கிறது.

லஃபயெட் ப்ளேஸ்: வனம் இல்லை, ஆனாலும்

இது ஃபிரான்கோனியா நாட்ச் மாநிலப் பூங்காவுக்குள் இருப்பது. நிர்வாகம், முன்பதிவு இணையதளம் எல்லாம் வேறு. 97 இடங்கள், ஷவர், சின்னக் கடை. பக்கத்திலேயே 93-ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. ராத்திரி முழுக்க லாரி இரைச்சல். தாம்பரம் பைபாஸில் குடியிருந்தவர்களுக்குத் தாலாட்டாக இருக்கலாம், எனக்கு ஆகவில்லை. இருந்தும் ஒரே ஒரு காரணத்துக்காக இங்கே தங்குவேன். 5,249 அடி லஃபயெட் மலைக்கும் அதை ஒட்டிய உச்சி முகட்டுக்கும் ஏறும் பாதை இங்கேதான் தொடங்குகிறது. சனிக்கிழமை விடிவதற்குள் பார்க்கிங் நிறைந்துவிடும். முகாமில் படுத்தவர்கள் நெடுஞ்சாலைக்கு அடியில் நடந்து மறுபக்கம் போய்விடலாம். பிள்ளைகள் இருந்தால் எதிர்ப்பக்கம் லோன்சம் லேக்குக்கு ஒன்றரை மைல் ஏற்றம் போதும். அந்த முகட்டில் ஏறும் திட்டம் இல்லையென்றால் இங்கே இரவு தங்கக் காரணமே இல்லை.

காசில்லாமலும், காசை இறைத்தும்

முகாமே வேண்டாம், முதுகில் சுமந்து உள்ளே போகிறேன் என்பவர்களுக்கு 45,000 ஏக்கர் பெமிஜிவாசெட் வனாந்தரம் இலவசம், அனுமதிச் சீட்டும் தேவையில்லை. பாதையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் 200 அடி தள்ளிப் படுக்க வேண்டும். மரங்கள் எட்டு அடிக்குக் கீழே குட்டையாகிவிட்ட உயரத்தில் கோடையில் டென்ட் போடக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் முதல் முயற்சியாக இதைச் செய்ய வேண்டாம்.

இதற்கு நேரெதிர், அப்பலாச்சியன் மவுன்டன் கிளப் நடத்தும் எட்டு மலைக் குடில்கள். நபருக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். படுக்கையும் இரவுச் சாப்பாடும் காலை உணவும் உண்டு. சைவம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு இரவுச் செலவில் கான்கமாகஸில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கலாம். மேகத்துக்கு மேலே விழித்தெழுவதற்கு அந்த விலை கொடுக்கலாமா என்றால், ஒரு தடவை கொடுக்கலாம்.

எங்கே போனாலும் மாறாத சில விஷயங்கள் உண்டு. மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை கருப்பு ஈ பிடுங்கித் தின்னும், அப்போது போகாதீர்கள். வெளி மாநில விறகைக் கொண்டுவரக் கூடாது, மரப்பூச்சி பரவும் என்று தடை, அங்கேயே வாங்குங்கள். சாப்பாடு, எண்ணெய், பற்பசை எல்லாம் ராத்திரி காருக்குள் போய்விட வேண்டும். நம் கருவாட்டு வாசனைக்குக் கரடி வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அக்டோபர் நடுவில் வரும் நீண்ட வார இறுதியில் இலை நிறம் பார்க்கக் கான்கமாகஸ் போவதென்றால், தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகர் போகிற மனநிலையோடு போங்கள்.

இந்த வருடம் ஜூலைக்குக் கவர்ட் பிரிட்ஜ், அது பிள்ளைகள் கேட்டது. செப்டம்பர் இரண்டாம் வாரம் டாலி காப்பில் இரண்டு இரவு. அம்மா அப்போது இங்கேதான் இருப்பார். அங்கே கழிப்பறையில் தண்ணீர் வரும் என்பதை மட்டும் சொல்லியிருக்கிறேன். டென்ட் என்பதை இன்னும் சொல்லவில்லை.