இலவச கலர் டிவியில் மாரியோ: குளச்சல் உப்புக்காற்றில் ஒரு பெட்டி டிவி

2006-இல் தொடங்கித் தமிழக அரசு வீடுதோறும் கொடுத்த 14 அங்குல கலர் டிவிகளில் ஒன்று எங்கள் குளச்சல் வீட்டில் இன்னும் ஓடுகிறது. கேபிள் இணைப்பை எப்போதோ துண்டித்துவிட்டோம். சில ஆண்டுகளாக அதற்கு ஒரே வேலைதான், பழைய கேசட் வீடியோ கேம். அந்த வேலைக்குக் கூடத்தில் மாட்டியிருக்கும் பெரிய எல்இடி டிவியைவிட இதுவே மேல் என்பேன், பிக்சர் மெனுவைத் திருத்தியிருந்தால் மட்டும்.

ஆன்டெனா வழியாக கேமை இணைத்தால் புள்ளியும் கோடுமாகத்தான் படம் வரும். படத்துக்கான மஞ்சள் ஏவி பின் வழியே கொடுத்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும். ஜப்பான், அமெரிக்க கேம் பெட்டிகள் 60 ஹெர்ட்ஸ் என்டிஎஸ்சி வகை. நம் ஊர் பழைய ஒளிபரப்போ 50 ஹெர்ட்ஸ் பால் (PAL) வகையாக இருந்தது. படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பெட்டி கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம், மெனுவில் கலர் சிஸ்டத்தை 'ஆட்டோ' என்று வைத்துப் பாருங்கள்.

திருத்துவதற்கு முன் டிவி அரை மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும். குளிர்ந்த பிக்சர் டியூபில் பார்த்து வைத்த அளவு, சூடானபின் பொருந்தாது. முதலில் பிரைட்னஸ். இது கறுப்பின் ஆழத்தை முடிவு செய்வது. வெள்ளையின் பளபளப்பு காண்ட்ராஸ்ட்டின் கையில் இருக்கிறது. சூப்பர் மாரியோவின் 1-2 சுரங்கக் கட்டத்தில் ஆட்டத்தை நிறுத்திவைத்து, கறுப்புப் பின்னணி சாம்பலாக வெளுக்கும்வரை பிரைட்னஸை ஏற்றுங்கள். பிறகு வெளுப்பு மறையும் இடம்வரை இறக்கினால் போதும்.

என் கணக்கில் முக்கியமானது காண்ட்ராஸ்ட்தான். கடையில் பளிச்சென்று கண்ணை இழுப்பதற்காகவே அதை உச்சத்தில் வைத்து அனுப்பினார்கள். சுரங்கத்திலிருந்து குழாய் வழியே மாரியோ வெளியே வந்து திரை சட்டென்று வெளிச்சமாகும் நொடியில் ஓரங்களைக் கவனியுங்கள். படம் மொத்தமும் ஒரு விரல் தடிமனுக்கு வெளியே உப்பும். வெளிச்சம் கூடும்போது டியூபுக்குப் போகும் உயர் மின்னழுத்தம் சரிவதால் வரும் வீக்கம் அது. காண்ட்ராஸ்டை ஐம்பதுக்குக் கீழே இறக்கியதும் என் டிவியில் அது அடங்கிவிட்டது. மார்த்தாண்டத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "குறைத்தே வை மக்களே, டியூபும் ரொம்ப நாள் உழைக்கும்" என்றார்.

ஷார்ப்னஸைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் வைத்திருக்கிறேன். ஏற்றினால் எழுத்துகளைச் சுற்றி வெள்ளை நிழல் விழும், அதற்குமேல் ஒரு பயனும் இல்லை. லேசான மங்கல் இந்த கேம்களுக்கு நல்லதே. 1991-இல் வந்த சோனிக் கேமின் அருவிகள் நெருக்கமான செங்குத்துக் கோடுகளால் வரையப்பட்டவை. மஞ்சள் பின்னும் பழைய டியூபும் அவற்றைக் கரைத்து, பின்னால் இருப்பது தெரியும் நீராகக் காட்டுகின்றன. புது டிவியில் அவை வெறும் கோடுகள்!

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. இந்த மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. உப்பும் ஈரமும் தூசியோடு சேர்ந்து படிந்தால், டியூபின் மேலுள்ள ரப்பர் மூடியருகே 'உஸ்' என்று மின்சாரம் கசியும் சத்தம் கேட்கும். அதை மெக்கானிக்தான் துடைக்க வேண்டும். டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் எல்ஓடி (LOT) டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் ஃபோகஸ், ஸ்கிரீன் திருகுகளையும் அவரே தொடட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

தீராத குறைகளும் இருக்கின்றன. ஓரங்கள் சட்டத்துக்குள் ஒளிந்துகொள்வதால் சில கேம்களில் மேல்வரிசை மதிப்பெண் பாதிதான் தெரிகிறது. பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்திருந்த காலத்தில் மூலையில் பச்சைத் திட்டு விழுந்தது; ஸ்பீக்கரை நகர்த்தி, டிவியைச் சில முறை ஆற அணைத்துப் போட்டபின் பெரும்பாலும் போய்விட்டது. இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் புலம்பலும் ஓயவில்லை. ஆனால் வாத்து சுடும் கேமான டக் ஹண்டின் துப்பாக்கி இந்தப் பெட்டியில் மட்டும்தான் வேலை செய்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி பார்ப்பது அந்த வெள்ளையைத்தான். எல்இடி டிவி அதைத் தாமதமாகக் காட்டுவதால் வாத்து தப்பித்துவிடுகிறது.