எஃப்.இ.சி. தளம்: அமெரிக்கத் தேர்தல் நன்கொடைக் கணக்கைத் திருப்பூரில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியதிலிருந்து, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வாஷிங்டன் அரசியல் பேச்சு அதிகம். "நம்ம பையர் (சரக்கு வாங்குறவர்) அங்க எந்தப் பக்கம் பணம் குடுக்கறாருங்க?" என்று கேட்பவர்களுக்குக் காசில்லாமல் பதில் தேட ஓர் இடம் உண்டு: ஃபெடரல் எலெக்‌ஷன் கமிஷன் என்கிற எஃப்.இ.சி.யின் இணையதளம். நம்மூர்த் தேர்தல் ஆணையம்போல இது தேர்தலை நடத்துவதில்லை. அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை ஆகிய தேர்தல்களின் பணக்கணக்கு மட்டும்தான் இதன் வேலை. கவர்னர் தேர்தலும் மாநிலச் சட்டசபையும் இதில் வராது. அந்தந்த மாநிலத் தளத்துக்குத்தான் போக வேண்டும்.

உள்ளே இருப்பது பெரிய மொய் நோட்டு. பெயர், ஊர், மாநிலம், ஜிப் கோடு, தொழில், வேலை பார்க்கும் கம்பெனி, தேதி, தொகை எல்லாம் இருக்கும். ஒருவர் ஒரு வேட்பாளருக்குக் கொடுத்தது மொத்தமாக 200 டாலரைத் தாண்டினால் பெயரோடு கணக்குக் காட்டியே ஆக வேண்டும். 2025-26 சுற்றில் உச்சவரம்பு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தனி, பொதுத்தேர்தல் தனி என்பதால் இரண்டுக்கும் சேர்த்து 7,000. ரொக்கமாக 100 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது.

தேடுவது சுளுவு. கேம்பெய்ன் ஃபைனான்ஸ் டேட்டா பகுதியில் 'இன்டிவிஜுவல் கான்ட்ரிபியூஷன்ஸ்' பக்கத்தைத் திறந்து, இடதுபக்க வடிகட்டியில் கம்பெனிப் பெயரையோ ஆள் பெயரையோ போட வேண்டியதுதான். ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் ஆண்டுச் சுற்றைப் பாருங்கள். நடப்பு இரண்டாண்டு மட்டும் டிக் ஆகியிருந்தால் பழைய கணக்கு வராது. கிடைத்ததை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கலாம், ஒரு தடவைக்கு 5 லட்சம் வரிகள் வரை. எக்செலில் நேரடியாகத் திறந்தால் நியூ ஜெர்சி ஜிப் கோடுகளின் முன்னால் உள்ள பூஜ்யம் பறந்துவிடும், 08817 வெறும் 8817 ஆகிவிடும். இம்போர்ட் செய்யும்போது அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று சொல்லிவிடுங்கள்.

வில்லங்கம் கூட்டலில்தான். அமெரிக்காவில் சில்லறை நன்கொடை பெரும்பாலும் ஆக்ட்ப்ளூ, வின்ரெட் என்ற இணைய வசூல் தளங்கள் வழியாகப் போகிறது. இவை இடைத்தரகர்கள். வந்த பணத்தை அவை ஒருமுறை கணக்கில் காட்டும், வாங்கிய வேட்பாளர் குழுவும் காட்டும். ஒரே 250 டாலர் இரண்டு இடத்தில் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு 'சம்' போட்டால் நன்கொடையாளர் ஒரே நாளில் இரட்டிப்புத் தாராளம் ஆகிவிடுவார். மெமோ என்ற பத்தியில் 'எக்ஸ்' குறி இருக்கும் வரிகள் தகவலுக்கானவை, அவற்றைக் கழித்துவிட்டுக் கூட்ட வேண்டும். அது மட்டும் போதாது, இடைத்தரகர் கணக்கிலும் வேட்பாளர் கணக்கிலும் நிற்கும் ஒரே நன்கொடையை ஒருமுறைதான் எண்ண வேண்டும்.

கழித்தல் குறி போட்ட தொகையைப் பார்த்தும் பதற வேண்டாம். ஒருவர் 7,000 டாலரை ஒரே செக்காகக் கொடுத்தால், அதில் பாதியைப் பிரைமரியிலிருந்து எடுத்துப் பொதுத்தேர்தலுக்கு மாற்றி எழுதுவார்கள். ஒரு மைனஸ், ஒரு பிளஸ். வரம்பு 3,500 என்றிருக்க ஒருவர் பெயரில் லட்சக்கணக்கில் கிடந்தால் அது கூட்டு நிதிக்குழுவாகவோ, வேட்பாளரிடம் கொடுக்காமல் தனியாகச் செலவழிக்கும் சூப்பர் பேக்காகவோ இருக்கும். முன்னதில் ஒரு செக் வேட்பாளர், தேசியக் கட்சி, மாநிலக் கட்சிகள் என்று பிரியும். பின்னதற்கு 2010 நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு உச்சவரம்பே இல்லை.

தமிழ்ப் பெயர் தேடுவது இந்தத் தளத்தின் பலவீனமான இடம், ஆனால் முழுப்பழி தளத்தின்மேல் இல்லை. கொடுத்தவர் எழுதியது அப்படியே ஏறுகிறது. சுப்ரமணியம் என்ற ஒரே பெயர் நாலு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒருவருக்குக் குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர், இன்னொருவருக்குக் கவுண்டர். ஆள் பெயரைவிட ஊரும் கம்பெனியும் போட்டு வடிகட்டுவது மேல்.

இனி பையர் விஷயம். கம்பெனிகள் தங்கள் கஜானாவிலிருந்து வேட்பாளருக்கு நேராகக் கொடுக்கச் சட்டம் தடை போட்டிருக்கிறது. கம்பெனிப் பெயரில் வருவது ஊழியர்கள் சேர்த்துக் கொடுத்த 'பேக்' நிதி, அல்லது தனியாள் தன் வேலையிடத்தை எழுதியது. அதைப் பார்த்து "கம்பெனியே இந்தக் கட்சி" என்று முடிவுகட்டக் கூடாது. சமூகநல அமைப்பு என்ற பெயரில் இயங்கி, நன்கொடையாளரை வெளியில் சொல்லாமல் செலவழிக்கும் குழுக்களின் உள்ளே இந்தத் தளத்தால் எட்டிப்பார்க்கவும் முடியாது. வரி விவகாரத்துக்கு, செனட்டின் லாபியிங் பதிவுத் தளம்தான் நமக்கு உதவும். எந்தக் கம்பெனி எந்தச் சட்டத்துக்காக ஆள் வைத்துப் பேசியது, எவ்வளவு செலவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே வரும்.

நம்மூர் முறைக்கு இது தலைகீழ். இங்கே சட்டசபை வேட்பாளர் 40 லட்சம், லோக்சபா வேட்பாளர் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. 50,000 ரூபாய்க்கு மேல் கணக்கில்லாத ரொக்கத்தைப் பறக்கும் படை பிடிக்கும். ஈரோடு ஜவுளி வியாபாரிகளுக்கு அந்தச் சீசன் நன்றாகவே தெரியும். அமெரிக்காவில் செலவுக்கு வரம்பு வைப்பது செல்லாது என்று 1976லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரவுக்குத்தான் வரம்பு, நோட்டு இரண்டுக்கும்.

நோட்டு இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறதா என்பது வேறு கதை. ஆணையத்தில் ஆறு இடம். ஒரு கட்சிக்கு மூன்றுக்கு மேல் கிடையாது, முடிவெடுக்க நாலு ஓட்டு வேண்டும். 2025 மே தொடக்கத்தில் ஆள் எண்ணிக்கை நாலுக்குக் கீழே போய் நடவடிக்கை முடங்கியது. கணக்குகள் தளத்தில் ஏறுவது மட்டும் நிற்கவில்லை.

இரண்டு எச்சரிக்கை. இங்கிருந்து எடுத்த தனியாள் பெயர்களை வியாபார அழைப்புக்கோ நிதி வசூலுக்கோ பயன்படுத்துவது குற்றம். ஏற்றுமதிக்குப் புது வாடிக்கையாளர் ('லீட்') பிடிக்க இறங்க வேண்டாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர், எச்-1பி வேலை விசாக்காரர் உட்பட, ஒரு டாலர்கூடக் கொடுக்க முடியாது. பொள்ளாச்சியிலிருக்கும் அப்பா அனுப்பிய பணத்தை சிட்டிசன் மகன் தன் பெயரில் கொடுப்பதும் சட்டவிரோதம்தான்.

தேர்தல் ஆண்டில் காலாண்டுக் கெடு ஏப்ரல் 15, ஜூலை 15, அக்டோபர் 15. ஆண்டுக் கடைசிக் கணக்கு ஜனவரி 31. அங்கே நள்ளிரவு என்றால் கோடைகாலத்தில் நமக்கு மறுநாள் காலை 9.30. அப்போது வருவது 'ரா' என்ற சரிபார்க்காத கோப்பு, பின்னால் திருத்தங்கள் வரும். தொகை சொல்ல வேண்டியவர்கள் சில நாள் பொறுத்து, சரிபார்த்து ஏற்றிய 'ப்ராசஸ்டு' பட்டியலிலிருந்து எடுக்கவும்.