சின்னப் பெயார்ஸா, சீனப் பெயார்ஸா? கச்சான் காலத்தில் எதை வாங்கலாம்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பில் பகல் வெப்பம் 33 பாகை வரை ஏறும். அந்த நாட்களில் பெயார்ஸ் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்க முன்னம், வீட்டில் அதை எங்கே வைக்கப்போகிறோம் என்று யோசிப்பது நல்லது.

சீனப் பெயார்ஸுக்குப் பெரிய பராமரிப்பு தேவையில்லை. மரத்திலேயே பழுத்து வருவதால், வாங்கிய அன்றே மொறுமொறுவென்று கடித்துச் சாப்பிடலாம். நிறைய நீர், மெல்லிய இனிப்பு, வாசம் குறைவு. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கினால் போதும்.

ருசியில் என் மனம் நிற்பது ஃபொரெல் என்ற சின்னப் பெயார்ஸில்தான். ஜெர்மனியில் தோன்றிய வகை. இப்போது தென்னாபிரிக்காவில் நிறைய விளைகிறது. கன்னம் சிவந்து, புள்ளி விழுந்து, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இதைவிடச் சின்னது அமெரிக்காவின் பிலடெல்பியாப் பக்கத்து செக்கல். அதைச் 'சீனிப் பெயார்ஸ்' என்றே அங்கே சொல்வார்கள். நம் பக்கக் கடைகளில் நான் அதைக் கண்டதில்லை.

ஆனால் ஃபொரெலைக் காயாகத்தான் பறிப்பார்கள். பல வாரம் கடும் குளிரில் கிடந்த பிறகே அது ஒழுங்காகப் பழுக்கும். பழுக்க ஏற்ற வெப்பம் 18 முதல் 22 பாகை. 30ஐத் தாண்டினால் பழுப்பது குழம்பிவிடும். அதுவும் உள்ளிருந்து வெளியே பழுக்கிற சாதி. மேல்தோல் மெத்தென்று ஆகும்வரை காத்திருந்தால் நடுப்பகுதி கறுத்துப்போயிருக்கும். நம் வெக்கையில் மேசைத் தட்டில் அழகுக்கு அடுக்கி வைப்பது பழத்தைக் கெடுப்பதற்குச் சமம்.

ஆகவே காயாக வாங்கியதைக் கழுவாமல், துளையிட்ட சொப்பின் பேக்கில் போட்டு நேரே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெங்காயமும் கருவாடும் பக்கத்தில் வேண்டாம், அந்த மணத்தைப் பழம் இழுத்துக்கொள்ளும். சாப்பிட நினைக்கும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு நாலைந்தை மட்டும் வெளியே எடுத்து, அடுப்படிக்குத் தூரமாக, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். அவசரமென்றால் பேப்பர் பையில் ஒரு கதலிப் பழத்தோடு சேர்த்துக் கட்டலாம். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு பழுப்பதை விரைவாக்கும். பச்சை நிறம் மஞ்சளாகி, காம்படியை விரலால் அழுத்தும்போது சற்றே இளகினால் அதுதான் பதம். அன்றைக்கே சாப்பிட முடியாவிட்டால் திரும்பவும் ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் முடியுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது மட்டும் என் தெரிவு மாறும். அங்கேயே வெட்டிக் கொடுக்கலாம் என்பதால் சீனப் பெயார்ஸையே வாங்குவேன்.