செஸ்னா 150-ஆ, செரோக்கி 140-ஆ?

அமெரிக்காவில் பழைய விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்கி அதிலேயே பறக்கக் கற்க நினைப்பவர்களில் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டின் உற்பத்தியும் 1977-இல் நின்றுவிட்டது. உதிரிப் பாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை.

செஸ்னாவில் 100 குதிரைத்திறன் கான்டினென்டல் இன்ஜின். மணிக்கு ஐந்தாறு கேலன் போதும். இறக்கை மேலே இருப்பதால் எரிபொருள் தானாக இறங்கும், டாங்க் மாற்றும் கவலை கிடையாது. எடைதான் இடிக்கிறது. மொத்த வரம்பே 1,600 பவுண்டு. வாட்டசாட்டமான பயிற்சியாளர் ஏறினால் டாங்கை நிரப்ப முடியாது. கார்புரேட்டரில் (காற்றையும் எரிபொருளையும் கலக்கும் பாகம்) பனி பிடிக்கும் குணமும் இதற்கு அதிகம்.

செரோக்கியில் 150 குதிரைத்திறன் லைக்கமிங், வரம்பு 2,150 பவுண்டு. எட்டு ஒன்பது கேலன் குடிக்கும். ஒரே கதவு (மழையில் ஏறிப் பார்த்தால் புரியும்). எரிபொருளை இடது, வலது டாங்குகளிலிருந்து மாற்றி மாற்றி எடுக்க மறந்தால் இன்ஜின் நின்றுவிடும்.

முதல் உரிமத்தோடு நிறுத்துபவருக்குச் செஸ்னாவே தாராளம். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் கூடுதல் தகுதி) தலைமை விமானியாக 50 மணி நேர நெடும்பயணம் வேண்டும். அதற்கு என் ஓட்டு செரோக்கிக்கு.

ஆண்டுச் சோதனை இரண்டுக்கும் கட்டாயம். சொந்த விமானத்தில் கற்பவருக்கு, பறந்த ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் ஒருமுறை செய்யும் சோதனை தேவையில்லை. கருவிகளை நம்பி மேகத்துக்குள் பறக்க, 24 மாதத்துக்கு ஒருமுறை அல்டிமீட்டர் (உயரமானி), டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவி) சோதனை உண்டு. உரிமம் கைக்கு வந்தபின் ஆயிலை நீங்களே மாற்றலாம். வாங்குமுன் துருவைத் தேடச் சொல்லி உங்கள் மெக்கானிக்கை அனுப்புங்கள், விற்பவருடையவரை அல்ல.