மட்டக்களப்பிலிருந்து லண்டன்: நேரடி விமானமா, டோகா வழியா?

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வான்வழித் தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர். டோகாவில் இறங்கி ஏறினால் ஏறக்குறைய 8,850. அதாவது டோகா கிட்டத்தட்டப் போகிற வழியிலேயே இருக்கிறது. "சுத்திக்கொண்டு போகுது" என்று அந்த டிக்கெட்டை ஒதுக்குவதில் நியாயமில்லை.

நேரம் வேறு கதை. நேரடி விமானம் பதினொரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். டோகா வழியென்றால் ஐந்தும் ஏழும் பன்னிரண்டு, அதோடு டிரான்சிட்டில் குந்தியிருக்கும் நேரம். நேரடி விமானம் மதியம் ஒரு மணிக்குப் புறப்பட்டு லண்டன் நேரம் இரவு எட்டுக்கு இறங்குவதாக டிக்கெட்டில் பார்த்துவிட்டு, "ஏழு மணித்தியாலம்தானே" என்று சொல்லும் மாமாமார் இன்னும் இருக்கிறார்கள். லண்டன் கோடையில் நமக்கு நாலரை மணித்தியாலம் பிந்தி, குளிர்காலத்தில் ஐந்தரை.

ஆனால் கட்டுநாயக்கவிலிருந்து எண்ணுவது கொழும்புக்காரர் கணக்கு. நாம் வீட்டு வாசலிலிருந்து எண்ண வேண்டும். மட்டக்களப்புக்கும் கட்டுநாயக்கவுக்கும் வான்வழியாகப் பார்த்தால் 200 கிலோமீற்றர் சொச்சம்தான். பொலனறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் என்று றோட்டு வழியே வான் பிடித்துப் போனால் 300 அளவில் வரும், ஏழு மணித்தியாலம் போய்விடும். அதே ஏழு மணித்தியாலத்தில் விமானம் டோகாவிலிருந்து லண்டனுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது!

நேரடி விமானம் வழக்கமாக மதியத்தை ஒட்டிப் புறப்படும். அதற்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்காவது வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். மின்னேரியா, ஹபரணைப் பக்கம் யானை றோட்டுக்கு வரும் நேரம். டிரைவருக்கும் கண் சொருகும் நேரம். எனக்கு இந்தப் பயணத்தில் பயம் என்றால் இந்த இடம்தான், ஆகாயம் இல்லை. டோகாவுக்கு அதிகாலை நாலு மணி விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்னேரம் ஐந்துக்கு வெளிக்கிடலாம். யானைக் காட்டை எட்டு மணிக்குள் தாண்டிவிடலாம், டிரைவரும் விழிப்பாக இருப்பார். ஒரு சூட்கேஸோடு தனியாகப் போகிறவர் காலை உதயதேவி ரயிலில் ஏறி, ராகமையில் இறங்கி ஓட்டோ பிடித்தாலும் சரி. விமான நிலையத்தில் நீண்ட நேரம் இருக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

வாசலிலிருந்து ஹீத்ரோ வரை கூட்டிப் பார்த்தால் நேரடி சுமார் இருபத்துமூன்றரை மணித்தியாலம். டோகாவில் இரண்டு மணித்தியாலம் மட்டும் நின்றால் இருபத்தைந்து. அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க நான் தயாரில்லை. டிரான்சிட் எட்டு, ஒன்பது மணித்தியாலம் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த டிக்கெட் வேண்டாம். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்போதுதான் பொதி நேரே லண்டனுக்குப் போகும், முதல் விமானம் பிந்தினாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது.

அம்மா தனியாகப் போகிறார் என்றால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். வீல்செயார் கேட்டு வைக்கலாம்தான், ஆனாலும் மொழி தெரியாத இடத்தில் கேட் மாறினால் பதறிப்போவார். அவருக்கு நேரடிதான். கட்டுநாயக்க வரை வானில் கூடவே ஒருவர் போய், டிரைவரோடு வழி முழுக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தால் சரி.