வெசல் லெவலுக்கு டிபி டிரான்ஸ்மிட்டரா, ரேடாரா? பராமரிப்பு பக்கம் இருந்து ஒரு ஒப்பீடு

வெசல்ல (திரவத் தொட்டி) லெவல் அளக்க டிபினா அழுத்த வித்தியாசத்த வச்சு சொல்றது, ரேடார்னா மேல இருந்து அலை அனுப்பி திரும்பி வர்ற எக்கோவ வச்சு சொல்றது. புதுசா இத போடப்போறவங்க எல்லாரும் விலைய மட்டும் கேக்குறாங்க, பத்து வருஷம் அத யாரு பாத்துக்கப்போறானு யோசிக்கிறதே இல்ல, அதனால அந்தப் பக்கம் இருந்தே சொல்றேன்.

விலை:
டிபி – பொதுவா கம்மி, ஆனா இம்பல்ஸ் லைன் (வெசல் அழுத்தத்த டிரான்ஸ்மிட்டருக்கு கொண்டு வர்ற சின்ன குழாய்), மேனிஃபோல்டு (அந்த லைன்ல இருக்குற வால்வு செட்) செலவையும் சேத்துப் பாருங்க.
ரேடார் – கொஞ்சம் கூட, நாசில் (வெசல்ல கருவி மாட்டுற குழாய் வாய்) ஒண்ணு போதும்.

அடர்த்தி மாறினா:
டிபி – அளவு தப்பும். தண்ணிக்கு செட் பண்ணதுல 0.8 அடர்த்தி திரவம் 1000 மிமீ நின்னா 800னு தான் காட்டும்.
ரேடார் – பாதிப்பு இல்ல.

பராமரிப்பு:
டிபி – இம்பல்ஸ் லைன் அடைக்கும், அத அப்பப்போ ஃபிளஷ் பண்ணணும். வெட் லெக்ல (திரவம் நிரப்பி வைக்கிற மேல் பக்க இம்பல்ஸ் லைன்) திரவம் கசிஞ்சு இறங்கிட்டா லெவல் உண்மைய விட அதிகமா காட்டும், வெசல் காலியாகி பம்ப் ட்ரையா ஓடுற வரைக்கும் கூட தெரியாது, அதான் இதுல எனக்கு ரொம்ப பயம். நல்ல விஷயம், மேனிஃபோல்ட மூடிட்டு பிளான்ட் ஓடும்போதே ஜீரோ செக் பண்ணலாம்.
ரேடார் – அடைக்க லைனே இல்ல. ஆனா ஆன்டெனால படிவு சேரும், கெட்டி நுரை எக்கோவ முழுங்கிடும், ஏணி, அஜிடேட்டர் (கலக்கி) பிளேடு எல்லாம் பொய் எக்கோ குடுக்கும். கமிஷனிங் அன்னைக்கே எக்கோ கர்வ (எக்கோவோட கிராஃப்) சேவ் பண்ணி வைங்க, பின்னாடி ஒப்பிட்டுப் பாக்க வேற வழி இல்ல. ஐசொலேஷன் வால்வு (வெசல்ல இருந்து துண்டிக்கிற வால்வு) இல்லாட்டி கழட்ட ஷட்டவுன் வரைக்கும் காத்திருக்கணும்.

அடர்த்தி மாறாத சுத்தமான திரவம், இல்ல நுரை அதிகம்னா டிபி. அடைக்கிற, கெட்டியாகுற, அடர்த்தி மாறுற சரக்குன்னா ரேடார். எது போட்டாலும் ஹை ஹை டிரிப்புக்கு (லெவல் ரொம்ப ஏறினா தானா நிறுத்துறதுக்கு) தனி சுவிட்ச் வைங்க.